பதிவேட்டை ஒப்படைக்கும் நாள்

கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்தாலும் மறுநியமனம் பெற்று, ஆண்டு முடியும்வரை பாடம் நடத்திவிட்டுப் போவது தமிழகப் பள்ளி ஆசிரியர்களின் நடைமுறை. அதனால் கோடை பிறந்தால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் பணி நிறைவுப் பாராட்டு விழாக்கள் வரிசைகட்டி நிற்கும். பள்ளி வாசலில் பந்தல், தெருமுனையில் பிளக்ஸ், மேடையில் பொன்னாடையும் சந்தன மாலையும். சில ஊர்களில் பீரோ, நாற்காலி, மின்விசிறி என்று கல்விச் சீர் எடுத்து வருகிறார்கள். ‘பெரிய டீச்சர்’ என்று ஊர் அழைக்கும் தலைமையாசிரியையை வண்டியில் ஏற்றி மேளத்தோடு வீடுவரை கொண்டுபோய் விடுகிற ஊர்களும் உண்டு. அத்தனையும் அவருக்குத் தகும். ஆனால் அன்பானவர், கண்டிப்பானவர், தாயைப் போன்றவர் என்று மேடையில் அடுக்கப்படும் புகழுரையில், அவர் உண்மையில் செய்த வேலை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பட்டாசுப் பகுதியின் கிராமத் தலைமையாசிரியை, அரசு நியமிக்காமல் விட்ட ஓர் அதிகாரியின் வேலையைத் தன் வேலையோடு சேர்த்து முப்பது ஆண்டுகள் பார்த்தவர். பிள்ளைகளை வேலைத்தலத்திலிருந்து பள்ளிக்கு அழைத்து வந்து, பள்ளியிலேயே நிலைக்கவைத்த வேலை அது. அதற்கு உத்தரவும் இல்லை, படியும் இல்லை. அவரைக் கௌரவிப்பதென்றால் அந்த வேலையைப் பெயர் சொல்லிக் கௌரவிக்க வேண்டும். அதை அடுத்தவர் கையில் முறைப்படி ஒப்படைக்கவும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்போது ஓய்வுபெறுவது எந்தத் தலைமுறை என்று பார்த்தால் இதன் கனம் புரியும். தமிழகத்தில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆக, இன்று விடைபெறுபவர்கள் 1960-களின் நடுவில் பிறந்தவர்கள். பெரும்பாலும் 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது 1989-ல். ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூப்பு வரும்வரை காத்திருந்து ஆணை வாங்கிய பெண்கள் கரிசல் காட்டு ஊர்ப் பள்ளிகளுக்குப் பஸ் பிடித்து வரத் தொடங்கிய காலம் அது. விருதுநகர் மாவட்டமே 1985-ல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனியாகியிருந்தது. அப்போது சிவகாசி என்றால் வெளியுலகத்துக்கு இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று பட்டாசு, மற்றொன்று குழந்தைத் தொழிலாளர். முதலாவது இன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த மறைவுக்கும் இவர்களுடைய பணிக்காலத்துக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் அல்ல.

தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்து 1920-களில் தொடங்கியது இது. பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தன. நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 சதவீதம் இங்கிருந்துதான் போகிறது. வெள்ளாமை பொய்த்த ஊர்களுக்குச் சோறு போட்ட தொழில். சிவகாசியின் கல்லூரிகளை எழுப்பியதும் அந்தப் பணம்தான். ஆனாலும் அதன் கூலிக் கணக்கில் பிள்ளைகளின் விரல்களும் அடங்கியிருந்தன. விடியும் முன்பே கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு சிறுமிகள் ஏறுவார்கள். குச்சி அடுக்கவும், பெட்டி அடைக்கவும், லேபிள் ஒட்டவும் பிஞ்சுக் கைகளே வேகம் என்று கருதப்பட்டது. ஸ்மிது கோத்தாரி 1983-ல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் இதை விரிவாக எழுதினார். சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் 1990-ல் அதைத் திரையில் காட்டியது.

எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசியில் பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941 என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு. சிவகாசி வட்டாரம் முழுவதும் சேர்த்து சுமார் 45,000 குழந்தைகள் என்பது அதே காலத்தில் ஆய்வாளர்கள் சொன்ன மதிப்பீடு. ஒன்று பதிவுபெற்ற ஆலைக்குள் மட்டும் எண்ணியது; மற்றது வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்களையும் பதிவில்லாத பட்டறைகளையும் சேர்த்துப் பார்த்தது. ஆனால் தொழிற்சாலையின் பக்கமிருந்து எண்ணினால் எந்தக் கணக்கும் முழுமையாகாது. ஆய்வாளர் வரும்போது பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை அனுப்பிவிட முடியும். பள்ளியின் பக்கமிருந்து எண்ணுவது வேறு. ஊரில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் யார் யார், அவர்களில் இன்று வகுப்பில் இருப்பவர் யார் யார், மீதிப் பேர் எங்கே? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெருவாரியாக விடை தெரிந்த ஒரே அரசு ஊழியர் தலைமையாசிரியைதான். ஆலையின் வருகைப் பதிவேடு மறைத்ததைப் பள்ளியின் வருகைப் பதிவேடு காட்டிக் கொடுத்தது.

சட்டம் வராமல் இல்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை அல்லது அரசின் பங்காக 5,000 ரூபாய் என்றும் சொன்னது. கட்டாயத் தொடக்கக் கல்விக்குத் தமிழகம் 1994-ல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் பிள்ளை வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்பவர் யார் என்ற இடம் காலியாகவே இருந்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வைனர் 1991-ல் எழுதிய நூலில் சிவகாசியையும் எடுத்துக்கொண்டு இதைத்தான் சுட்டினார்: வேலைத்தலத்தைத் தடைசெய்து குழந்தைத் தொழிலை ஒழித்த நாடுகளைவிட, பள்ளியைக் கட்டாயமாக்கி ஒழித்த நாடுகளே அதிகம். இங்கிலாந்து 1876-ல் பள்ளி வருகைக் குழுக்களை அமைத்து, 1880-ல் பத்து வயதுவரை வருகையைக் கட்டாயமாக்கியது. வீடு வீடாகப் போய் விசாரிக்கவும், தேவையானால் பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் அங்கே அதற்கென்று அதிகாரிகள் இருந்தார்கள். லண்டன் தீப்பெட்டி ஆலையின் பெண்கள் 1888-ல் வேலைநிறுத்தம் செய்து வரலாற்றில் இடம்பெற்றபோது, அவர்களுடைய தங்கை தம்பிகளைப் பள்ளிக்குக் கூப்பிட ஓர் அதிகாரி தெருவில் இருந்தார். விருதுநகர் மாவட்டத்துத் தெருக்களில் அப்படி யாரும் இல்லை. பெரிய டீச்சர் இருந்தார்.

அதிகாரம் இல்லாத ஒருவர் அந்த வேலையை எப்படிச் செய்ய முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, பிள்ளை பள்ளியை விட்டு நழுவும் வழிகளைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் யாரும் படிப்பை நிறுத்துவதில்லை. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது இரண்டு நாள் வராமல் போவது, தாய் வேலைக்குப் போனதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் வீட்டில் நிற்பது, குடும்பம் வாங்கிய முன்பணத்துக்குப் பெட்டி ஒட்டித் தீர்ப்பது, வயதுக்கு வந்தபின் கழிப்பறையில்லாத பள்ளிக்குப் போகத் தயங்குவது, எட்டாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி முடிந்து அடுத்த பள்ளி ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது என்று அது படிப்படியாக நடக்கிறது. இந்தப் படி ஒவ்வொன்றிலும் மறிக்க வேண்டிய ஆளும் மறிக்கும் விதமும் வேறு. முதல் படியில் தாயிடம் ஒரு வார்த்தை போதும். கடைசிப் படியில் பஸ் நேரத்தை மாற்றித்தரச் சொல்லிப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனுப்போட வேண்டியிருக்கும். நடுவில் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் என்று உதவித்தொகைக்கான தாள்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் இரண்டாவது திங்கட்கிழமை ஆப்சென்ட்டைப் பார்த்ததும் இது காய்ச்சலா, கூலியா என்று சொல்லிவிடுகிற அறிவு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. பத்து வருடம் ஒரே ஊரின் கஷ்டநஷ்டங்களைப் பார்த்தால்தான் அது கிடைக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிள்ளைகளை மீட்டது ஆசிரியர்கள் அல்ல, பொருளாதாரம்தான் என்பார்கள். பெட்டியும் குச்சியும் இயந்திரத்துக்குப் போயின. பெரியவர்களின் கூலி உயர்ந்தது. குடும்பம் இரண்டு பிள்ளையோடு நின்றது. சத்துணவும் சீருடையும் பஸ் பாஸும் மிதிவண்டியும் படிப்பின் செலவைக் குறைத்தன. வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் எழுந்த எதிர்ப்பும் நீதிமன்றமும் முதலாளிகளை அச்சுறுத்தின. இந்தக் காரணங்களில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆசிரியைகள் மட்டும் இருந்து இவை இல்லாமல் போயிருந்தால் மாற்றம் வந்திருக்காது. ஆனால் இவற்றை மட்டும் வைத்தும் கதையை முடிக்க முடியாது. ஒரே கூலி, ஒரே சத்துணவு, ஒரே சட்டம் இருந்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஓர் ஊரில் பெண்கள் கல்லூரிவரை போவதையும் இன்னோர் ஊரில் எட்டாவதோடு நிற்பதையும் பொருளாதாரம் தனியாக விளக்காது. அரசின் ஒவ்வொரு திட்டமும் கடைசியில் ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தையே பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய். அந்தப் பணம் அவள் கைக்கு வர வேண்டுமானால், ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அவள் நழுவாமல் யாரோ பிடித்து வைத்திருக்க வேண்டும்.

சம்பளம் வாங்குகிறவர் கடமையைச் செய்ததற்குப் பாராட்டு எதற்கு என்ற இரண்டாவது மறுப்புக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2009-ல் வந்த அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது: நேரத்துக்கு வர வேண்டும், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணிக்க வேண்டும், பெற்றோரைக் கூட்டி வருகை பற்றியும் முன்னேற்றம் பற்றியும் பேச வேண்டும். கூட்டத்துக்கு வராத பெற்றோரின் வீட்டுக்கு, அதுவும் வேலை முடிந்து அவர்கள் திரும்பும் இரவு நேரத்தில் போக வேண்டும் என்று எங்கும் இல்லை. பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிப்பதும், சேர்க்கையையும் வருகையையும் கண்காணித்து உறுதிசெய்வதும் 9-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. எத்தனை ஊராட்சி அலுவலகங்களில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். உள்ளாட்சியின் கடமையை ஆசிரியை சுமந்தார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டினால், யாருடைய சுமை அது என்பதும் சேர்ந்து மறைந்துபோகும்.

மாவட்டத்தின் பெருமை என்று எல்லோரும் சொல்வது பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தை. நியாயமான பெருமைதான். மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018-ல் பட்டியலிட்டவற்றில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். அதே விருதுநகர் 2023-ல் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அந்த முதலிடம் இதற்குப் பழகிய இடமும்கூட. ஆனால் தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண் அதில் தோற்றவளாகக்கூட வருவதில்லை. அவள் கணக்கிலேயே இல்லை. மே மாதத்தில் படத்தோடு வெளிவரும் வெற்றி மேல்நிலைப் பள்ளிகளுடையது. அந்தத் தேர்வு அறைக்கு அவ்வளவு பேர் வந்து சேர்ந்ததற்குக் காரணமான தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியைகளின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. அதனாலேயே அவர்களுடைய பணி நிறைவு விழா வெறும் ஊர் நிகழ்ச்சியாக முடிந்துவிடக் கூடாது.

இந்த மண்ணில் தலைமையாசிரியைக்கு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்கிறது. வேறு மாவட்டத்துச் சக ஆசிரியர்கள் அதை அறியமாட்டார்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இடையிலும் பின்னரும் சிறிதும் பெரிதுமாக விபத்து நடக்காத வருடம் இல்லை. பட்டாசு வேலையில் பெண்கள் மிகுதி என்பதால் ஒவ்வொரு விபத்தும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரைக் கொண்டுபோகிறது. நிவாரணத் தொகை அறிவிப்பாகி, தலைவர்கள் வந்து போனபின், அந்தப் பிள்ளை மறுபடி வகுப்புக்கு வருமா என்பது மாதக்கணக்கில் முடிவாகாமல் கிடக்கும். பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அல்லது குடும்பத்தின் கூலி குறைந்ததால் மூத்த பிள்ளை அதே வேலைக்குப் போகும். விபத்தில் பெற்றோரை இழந்தவர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும், முதல் கட்டமாக 5 கோடி ரூபாயில் நிதியம் அமையும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். நல்ல ஏற்பாடு, வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டியது. பத்து வருடத்துக்கு முந்தைய விபத்தில் தாயை இழந்து இப்போது வேறு ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையை அந்த நிதியத்தோடு சேர்த்துவிடும் தகவல், பெரும்பாலும் ஓய்வுபெறப்போகும் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பே எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. தனிமனிதரைத் தெய்வமாக்கினால் அமைப்பின் குறை மறைந்துவிடும். அடுத்து வருபவர், குறிப்பாக வீட்டு வேலையும் சுமக்கும் பெண், முன்னவரைப் போலத் தியாகம் செய்யவில்லையே என்று ஏச்சு வாங்குவார் என்கிறது அது. இது உண்மை. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரத்தில் ஆங்கில ஆசிரியர் ஒருவரை இடம்மாற்றியபோது மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுத படம் நாடு முழுவதும் போயிற்று. மாறுதல் சில நாள் தள்ளிப்போடப்பட்டது. அன்பின் வலிமை அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அதே சமயம், அன்பை ஏற்பாடாக மாற்றிய முன்மாதிரி விருதுநகரிலேயே இருக்கிறது. 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்த வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். எந்தத் தலைமையாசிரியர் போனாலும் வந்தாலும் அரிசி வந்துகொண்டிருந்தது. தனி ஒருவரின் நல்ல மனதை நம்பாமல் ஊரின் வழக்கமாக ஆக்கியதால் அது நிலைத்தது. ஆகவே மூன்றாவது மறுப்பு பாராட்டை நிறுத்தச் சொல்லும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. பாராட்டின் வடிவத்தை மாற்றச் சொல்லும் காரணமாகவே தோன்றுகிறது.

எந்த வடிவத்துக்கு? விடைபெறும் தலைமையாசிரியை சாவிக்கொத்தும் தளவாடப் பதிவேடும் ரொக்கக் கணக்கும் கையெழுத்திட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறார். மேசை நாற்காலிக்கு இருக்கும் இந்த முறை பிள்ளைகளுக்கு இல்லை. எந்த வீட்டில் கவனம் வேண்டும், யார் முன்பணத்தில் சிக்கியிருக்கிறார்கள், எந்தப் பெண்ணுக்குப் பதினாறில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், விபத்தில் அனாதையானவர் யார் யார் என்பதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்னால் எழுதி, புதியவரிடமும் ஊராட்சியிடமும் கொடுக்க வேண்டும். மற்றவர் கண்ணில் படாமல் காக்க வேண்டிய தகவல் இது என்பதால் அதைக் கையாளப் பொறுப்பானவர் யார் என்றும் தீர்மானிக்க வேண்டும். 2024-ல் மறுகட்டமைத்தபோது மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகாமல் இந்த டீச்சரால் படித்தவர்களே இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விழாவுக்குப் பணம் திரட்டும் அவர்கள் இந்தக் கணக்கையும் கையில் எடுக்கலாம். ஓய்வுபெற்றவரை ஒரு வருடம் ஆலோசகராக அழைக்க அரசாணை தேவையில்லை, குழுத் தீர்மானமே போதும்.

ஆனால் ஒப்படைக்க எதிரில் ஆள் இருக்க வேண்டும். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமா என்ற வழக்குகளால் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடங்களை நிரப்புவது சிக்கலானது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு கட்டாயம்தான் என்றது; ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது என்றும் தெளிவாக்கியது. தேர்வின் நியாயம் தனி விவாதம். அதன் உடனடி விளைவாக, பல ஊர்களில் மே மாதம் பெரிய டீச்சர் போனபின் வருவது பொறுப்புத் தலைமையாசிரியர். தன் வகுப்பையும் பார்த்து அலுவலகத்தையும் பார்க்கிறவர். மே மாதக் கடைசிக்கும் ஜூன் முதல் வாரத்துக்கும் நடுவேதான் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த பள்ளியில் சேரும்வரை அவர்களுடைய பெயர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான ‘காமன் பூல்’ பட்டியலில் கிடக்கும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களையும் அபாயத் தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், தீபாவளி ஆர்டருக்கு ஆள் தேடுபவர்களின் கண் போவது இந்த வயதுப் பிள்ளைகள்மேல்தான். ஜூன் பதினைந்தாம் தேதி அந்தப் பட்டியலை எடுத்து, இன்னும் சேராதவர்களின் பெயர்களைப் பொறுப்புத் தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் ஓய்வுபெற்ற டீச்சரும் சேர்ந்து உட்கார்ந்து வீடு வீடாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலரும் வருகிற ஜூனிலிருந்தே இதைத் தொடங்க முடியும்.